ஆறு கிளைகளும் ஒரு நீலச் சட்டையும்

சூப்பர் மார்க்கெட் என்றால் வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும் இடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாளாவது சர்க்கரை அடுக்கிய தட்டுக்கு முன்னால் நின்றிருந்தால், "சர்க்கரை எங்கப்பா இருக்கு?" என்ற கேள்வியை அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றபடியே எத்தனை பேர் கேட்பார்கள் என்று தெரிந்திருக்கும். ஜவுளிக்கடையில் ஒரு குடும்பத்துக்கு எண்பது புடவை பிரித்துப் போட்டுவிட்டு எண்பதையும் திரும்ப மடித்தவர்களே, மருந்துக்கடையில் டாக்டர் கையெழுத்தைப் படித்தே கண்ணாடி போட்டவர்களே, செருப்புக்கடையில் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து முட்டி தேய்ந்தவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

என் பெயர் குமரேசன். மேற்குத் தாம்பரத்தில் ஒற்றை மளிகைக் கடையாக இருந்து, இன்று ஆறு இடங்களில் கண்ணாடிக் கதவோடு நிற்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முதல் நாளிலிருந்து இருக்கிறேன். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நேரில் வந்து இதெல்லாம் நிஜமா என்று விசாரிப்பீர்கள். எங்கள் கடையில் வேலை செய்பவர்களுக்கு மெரூன் கலர் டி-ஷர்ட். முதுகில் 'உங்களுக்கு உதவலாமா?' என்று எழுதியிருக்கும். கிளை மேனேஜருக்கு மட்டும் நீலச் சட்டை, முழுக்கை, நெஞ்சில் பெயர் போட்ட பட்டை. எனக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பேராசை அந்த நீலச் சட்டை. முதலாளி ஞானராஜ் சார் ஒவ்வொரு கிளை திறக்கும்போதும் என்னைத்தான் முதலில் அனுப்புவார். இந்தத் தடவை நமக்குத்தான் என்று நானும் போவேன். போய் என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நீங்களே எடுத்துக்கொள்ளலாம்

மளிகைக் கடையாக இருந்தவரை வேலை சுலபம். நடுவில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் வாடிக்கையாளர், இந்தப் பக்கம் நான். அவர்கள் சீட்டை நீட்டுவார்கள், நான் நிறுத்துக் கட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் ஞானராஜ் சார் மேஜையைத் தூக்கிவிட்டார். பக்கத்திலிருந்த தையல் கடையையும் வாங்கி, நடுச்சுவரை இடித்து, இரும்புத் தட்டுகள், கூடைகள், ஏசி எல்லாம் போட்டார். வாசலில் பெரிய எழுத்தில் போர்டு: 'உள்ளே வாருங்கள், நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.' அவர்கள் எடுப்பதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலை.

யாரும் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றார்கள். ஏசி போட்ட கடையில் விலை கூடத்தான் இருக்கும் என்று சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அலமேலு அக்கா எங்களுக்குப் பல வருட வாடிக்கையாளர். அவர் கதவுக்கு வெளியே நின்றபடியே, "உளுந்து நாலு கிலோ" என்று குரல் கொடுத்தார். பழக்க தோஷம், என் கால் தானாக ஓடியது. உளுந்தோடு வந்தால், "கடலப் பருப்பு ரெண்டு." அதோடு வந்தால், "காஞ்ச மொளகா." அவரைப் பார்த்து இன்னொருவர், இன்னொருவரைப் பார்த்து மூன்றாமவர் என்று மதியத்துக்குள் வாசலில் வரிசை நின்றுவிட்டது. உள்ளே கூடையும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். ஞானராஜ் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இப்படி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஜென்மத்துக்கும் ஒருத்தரும் உள்ளே வர மாட்டார்கள் என்று கத்தினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக அலமேலு அக்காவிடம் போய், போர்டைக் காட்டி, இனிமேல் இங்கே யாரும் எடுத்துத் தர மாட்டார்கள், எல்லாம் நீங்களேதான் என்று கறாராகச் சொன்னேன். அவர் போர்டை ஒரு தடவை பார்த்தார். என்னை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தார்.

"எல்லாத்தையும் நானே எடுத்துக்கினா, நீ இன்னாத்துக்குக் கண்ணு கீறே?"

டீயும் ஊதுபத்தியும்

அந்தக் கடைக்கான நீலச் சட்டை முதலாளியின் மைத்துனருக்குப் போயிற்று. அடுத்து சேலையூர். காலனி வீடுகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆபீஸ் போகிறவர்கள். ஞானராஜ் சார் காலித் தட்டுகளை என்னிடம் ஒப்படைத்து, "எதை எங்க வைக்கறதுன்னு நீயே யோசிச்சு வை" என்றார். என்னை யோசிக்கச் சொன்னது அவர் செய்த தப்பு. மற்றதெல்லாம் என்னுடையது.

நான் ஒரு மனிதனின் ஒரு நாளை எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்தால் பல் தேய்ப்பான், அதனால் வாசலில் பற்பசை. குளிப்பான், சோப்பு. சாமி கும்பிடுவான், ஊதுபத்தி. உடனே டீ குடிப்பான், டீத்தூள். இப்படியே நடந்து போனால் கடைசித் தட்டில் கொசுவத்தி. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். ஒரு முழு நாளையும் வரிசையில் அடுக்கிவிட்ட பெருமையில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. டீத்தூள் நாங்களே மெல்லிய கவரில் கட்டி விற்பது. ஊதுபத்திக்கும் அதற்கும் நடுவில் ஒரு கம்பி வலைதான் தடுப்பு. சந்தனமும் மல்லிகையும் சாம்பிராணியும் ஒரு வாரம் அதன் பக்கத்திலேயே குடியிருந்தன.

எட்டாம் நாள் ஒரு டீச்சரம்மா வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, மதிப்பெண் குறைந்த பையனின் அப்பாவிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னார்.

"மூணு நாளா எங்க வீட்டுக்காரர் டீ டம்ளரை வாங்கினதும் கண்ணுல ஒத்திக்கறார் சார்."

டிரம் இலவசம்

அடுத்த கிளையான மேடவாக்கத்தில் நான் யோசிக்கவே போவதில்லை என்று முடிவு செய்தேன். அள்ளிக் கொடுத்துவிடலாம், அவ்வளவுதான். அங்கே தண்ணீர் லாரியில் வருகிறது, வீட்டுக்கு வீடு தண்ணீர் பிடித்து வைக்கப் பாத்திரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் திறப்பு விழாச் சலுகையாக, இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டை வாங்கினால் மூடி போட்ட பெரிய டிரம் ஒன்று இலவசம் என்று தட்டி எழுதி வைத்தேன். தாம்பரத்திலிருந்து லாரி நிறைய மூட்டையை இறக்கினேன். கூரை வரைக்கும் அடுக்கினேன். இட்லி மாவு பாக்கெட் வைக்கவில்லை. அரிசியே இத்தனை இருக்கும்போது மாவை யார் வாங்குவார்கள் என்பது என் கேள்வி.

டிரம் விஷயத்தில் நான் நினைத்தது அப்படியே நடந்தது. வந்த ஒவ்வொருவரும் டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்கள், எத்தனை குடம் பிடிக்கும் என்று கேட்டார்கள். பிறகு மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "மாவு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஓஎம்ஆர் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஒரு ஃப்ளாட்டில் நாலு பேர், அடுப்பில் தோசை ஊற்றுவதோடு சரி. இருபத்தைந்து கிலோவை அவர்கள் தின்று முடிப்பதற்குள் வேலையே இரண்டு தடவை மாறிவிடும். இதெல்லாம் எனக்கு அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது.

கழுத்தில் ஐடி கார்டு தொங்கவிட்ட ஒரு பையன் மட்டும் அரைமணி நேரமாக டிரம்மை விட்டு நகரவில்லை. ஒரு மூட்டையாவது தேறியது என்று நான் பக்கத்தில் போனேன். அவன் ரொம்ப மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணா, டிரம்முக்கு வேணா காசு வாங்கிக்கோங்க. அந்த அரிசிய யாருக்காவது ஃப்ரீயா குடுத்துடுங்க, ப்ளீஸ்."

நீலப் பேண்ட்

இறக்கிய மூட்டைகளை நானே திரும்ப ஏற்றிக்கொண்டு தாம்பரம் வந்த வாரத்தில், ஒரு ஆடித் தள்ளுபடியில் கருநீலப் பேண்ட் ஒன்று கண்ணில் பட்டது. நீலச் சட்டைக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. சட்டை இல்லை என்பது அந்த நேரத்தில் ஒரு பெரிய குறையாகத் தெரியவில்லை. வாங்கி வந்து பீரோவில் மாட்டினேன். பெண்டாட்டி கலைவாணி கேட்டபோது, அடுத்து பல்லாவரம், அது நிச்சயம் எனக்குத்தான் என்றேன். இதையேதான் சேலையூருக்கும் சொன்னேன், மேடவாக்கத்துக்கும் சொன்னேன் என்று அவள் நினைவுபடுத்தவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்துப் பேண்டின் இடுப்பை மட்டும் சாண் வைத்து அளந்து பார்த்தாள். வீட்டுக்காரி சொன்னதும் இந்த வாடிக்கையாளர் பேச்சுக் கணக்கில் சேருமா என்று தெரியவில்லை. ஆனால் என்னிடம் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் ஒரே நிரந்தர வாடிக்கையாளர் அவள்தான்.

"சட்டை எப்ப வேணா வரட்டும், அது உங்க முதலாளி கையில இருக்கு. தொப்பை உங்க கையிலதானே இருக்கு?"

நல்ல நாள் பார்த்தவன்

ஞானராஜ் சார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைத் தவிர வேறு நாள் கிழமை பார்ப்பதில்லை. பல்லாவரம் கிளைக்கு, "திறப்பு நாளை நீயே குறி" என்று சொல்லிவிட்டார். நான் விடுவேனா? தினசரிக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு ராகு காலம், எமகண்டம், வளர்பிறை எல்லாம் பார்த்து, மங்களகரமாக ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தேன். வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை என்பது இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சந்தையில் செடி வாங்கியிருக்கிறேன், பழைய மிக்ஸி வாங்கியிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன். காலண்டரில் மட்டும் அது போட்டிருக்கவில்லை.

காலையில் கதவைத் திறந்ததும் கூட்டம் வந்தது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் கடையில் கொண்டுவந்த பையை வாசல் கவுண்டரில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பதினோரு மணிக்குள் அத்தனை டோக்கனும் தீர்ந்துவிட்டது. நானே அட்டையைக் கத்தரித்து நம்பர் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். நடுவில் ஞானராஜ் சாருக்குப் போன் போட்டு, "சார், டோக்கன் பத்தல சார்! இன்னும் வந்துகிட்டே இருக்காங்க சார்!" என்று கத்தினேன். அவர் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்து வந்தார்.

வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பில் போடும் பெண்கள் மூன்று பேரும் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகளுக்கு நடுவில் ஒரு ஈ, காக்கை இல்லை. பை கவுண்டரில் மட்டும் ரோஜாச் செடி நான்கு, டேபிள் ஃபேன் ஒன்று, கிரைண்டர் கல் ஒன்று, கூண்டோடு இரண்டு லவ் பேர்ட்ஸ், மற்றபடி கட்டைப் பைகள் கழுத்து வரைக்கும். வெயிலில் சந்தையைச் சுற்றுகிறவர்கள் எல்லாம் வாங்கியதை எங்களிடம் பத்திரமாக வைத்துவிட்டு, கை வீசிக்கொண்டு திரும்பவும் சந்தைக்கே போயிருந்தார்கள். மைசூர்பாகுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஞானராஜ் சார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து டேபிள் ஃபேன்காரர் வந்தார். டோக்கனைக் கொடுத்தார், ஃபேனை வாங்கினார், எங்கள் ஏசிக்குக் கீழே நின்று வியர்வையை ஆற்றிக்கொண்டார், எங்கள் தண்ணீரையும் ஒரு டம்ளர் குடித்தார். போகும்போது மனசார வாழ்த்தினார்.

"கடை செம வசதியா கீது சார். அடுத்த வெள்ளிக்கெழமையும் தொறந்து வெப்பீங்கல்ல?"

செய்யக் கூடாதவை

பல்லாவரத்துக்கும் வேறொருவர் நீலச் சட்டையோடு வந்தார். பெருங்களத்தூரில் ஐந்தாவது கிளை வருகிறது என்றார்கள். இந்தத் தடவை என்னைக் கடை திறக்க அனுப்பவில்லை. 'கிளை மேனேஜர் பயிற்சி வகுப்பு' என்று எழுதிய தாள் ஒன்று வந்தது. எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. கருநீலப் பேண்டை எடுத்து மூச்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, தாம்பரம் கடை மாடியில் இருக்கும் ஆபீசுக்குப் போனேன். எட்டு பேர் இருந்தார்கள், எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் 'புதுக் கிளை: செய்யக் கூடாதவை' என்று இருந்தது.

பிரித்தேன். ஒன்று: வாசலில் நின்று பொருள் கேட்பவர்களுக்கு ஊழியர் ஓடிப்போய் எடுத்துத் தரக் கூடாது. இரண்டு: வாசனைப் பொருட்களுக்குப் பக்கத்தில் டீத்தூள் வைக்கக் கூடாது. மூன்று: அந்தப் பகுதி மக்கள் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாமல் மூட்டை இறக்கக் கூடாது. நான்கு: உள்ளூர்ச் சந்தை நாளில் கடை திறக்கக் கூடாது. ஐந்து: பை கவுண்டரில் உயிருள்ளவற்றை வாங்கி வைக்கக் கூடாது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப நான்தான் வந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, பெயர் போடவில்லை. எட்டு பேரும் படித்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று நானும் சிரித்தேன். பக்கத்தில் நிவேதா என்று ஒரு பெண், எம்பிஏ படித்தவள், கெட்டிக்காரி, பெருங்களத்தூர் கிளை அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. லவ் பேர்ட்ஸ் இடத்துக்கு வந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"எந்த லூசு சார் இதெல்லாம் பண்ணுச்சு? இன்னும் வேலைல வெச்சிருக்காங்களா?"

பாக்கெட்டில் இருந்த கடிதம்

சாப்பாட்டு வேளையில் கிடங்குக்குப் போய்ப் பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களில் யார்தான் இப்படி ஒரு மூட்டைக்குப் பின்னால் நின்றதில்லை? இத்தனை வருடமும் என்னைக் கிளை கிளையாக அனுப்பியது, நான் எங்கே விழுகிறேன் என்று பார்த்து அங்கே மற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கோடு போடத்தானா என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. வீட்டுக்கு வந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஆனாலும் அதைக் கொடுக்கக் கை வரவில்லை. பெருங்களத்தூர் கிளை திறந்து ஒரு மாதம் ஆகும்வரை அந்தக் கடிதம் மெரூன் டி-ஷர்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. ஒரு நாள் துணிந்து ஞானராஜ் சார் அறைக்குப் போய்விட்டேன். கடிதத்தை எடுக்காமல், வாயைத்தான் திறந்தேன். சார், அந்தப் புத்தகத்தில் இருக்கிற லூசு நான்தான், எனக்கு நீலச் சட்டை உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். பிறகு, பெருங்களத்தூரில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் இரண்டு வாரமாகக் கெட்டுப்போய், அவ்வப்போதுதான் ஓடி, பெட்டிக்குள் எல்லாம் உருகி உருகி உறைந்திருக்கிறது என்றார். நிவேதா நல்ல பெண்தான், புது வேலை, பயந்துபோய் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறாள். கடைசியில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்துதான் இவருக்கே தெரிந்திருக்கிறது. "அடுத்த கிளை பொழிச்சலூர். அது உனக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை தப்பு செய்தவனுக்கு ஏன் சார் என்று நானே கேட்டேன். யாராவது இந்த நேரத்தில் இப்படிக் கேட்பார்களா? நான் கேட்டேன்.

"மத்தவனெல்லாம் தப்பு பண்ணா மறைக்கறான்டா. நீ ஒருத்தன்தான் போன் போட்டுச் சொல்ற. அதுவும் சந்தோஷமா."

பொழிச்சலூர்

ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் கலைவாணி மளிகைச் சீட்டு எழுதி என்னிடமே கொடுத்தாள். எங்கள் வீட்டில் எந்தத் தாளும் வீணாவதில்லை.

கடை திறப்பதற்குமுன் பத்து நாள் பொழிச்சலூர்த் தெருக்களில் வெறுமனே நடந்தேன். கதவைத் தட்டி, என்ன சமைப்பீர்கள், எங்கே வாங்குவீர்கள், எந்தக் கிழமை ஊரில் இருக்க மாட்டீர்கள் என்று கேட்டேன். தலைக்கு மேல் விமானம் போகும்போது அவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள், நானும் காத்திருப்பேன். புதன்கிழமை திறப்பு. டீத்தூளைத் தனித் தட்டில் வைத்து, சுற்றிலும் உப்புப் பாக்கெட்டை அடுக்கினேன். ஊதுபத்தி எதிர்ச் சுவரில். மூட்டை ஒன்றுகூட இல்லை. நீலச் சட்டை இஸ்திரி போட்டு வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது கலைவாணி பட்டையில் இருந்த என் பெயரைத் தடவிப் பார்த்தாள். கருநீலப் பேண்டின் கொக்கி மாட்டவே இல்லை. பெல்ட்டை இறுக்கிச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டேன்.

ஜனங்கள் வந்தார்கள். இப்போது யாரும் படியில் நின்று தயங்குவதில்லை. வருகிறார்கள், கூடையை எடுக்கிறார்கள், வேண்டியதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பில் கவுண்டர் பக்கத்தில் ஞானராஜ் சாரும், கையில் அந்தப் புத்தகத்தோடு நிவேதாவும் நின்றிருந்தார்கள். அந்த லூசு நான்தான் என்று அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு சாரி சொல்வாள். அன்று பத்து மணிக்குள் இரண்டு சொல்லியிருந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேனேஜர் மாதிரி நின்றேன். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல், "உளுந்து அரைக் கிலோ" என்றது.

அலமேலு அக்கா. இட்லிக் கடையை விட்டுவிட்டு இங்கே மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். முழங்கால் போய்விட்டது, எங்கள் இரண்டு படியை ஏற முடியாமல் படியோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கால் பரபரத்தது. புத்தகத்தில் முதல் பக்கத்தில் முதல் விதியே இதுதான், அதை எழுதிய ஞானராஜ் சார் பத்தடி தூரத்தில் நிற்கிறார். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த சட்டை, உடம்பில் ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போனால் போகட்டும் என்று ஓடினேன். உளுந்து, அவர் கேட்காமலே பழைய பழக்கத்தில் கடலைப் பருப்பு, காய்ந்த மிளகாய். மிளகாய் கீழ்த் தட்டில் இருந்தது. குனிந்தபோது பேண்டில் ஏதோ தெறித்தது. பெல்ட் என் மானத்தைக் காப்பாற்றியது. நிவேதா, "சார், ரூல் நம்பர் ஒன்" என்று ஞானராஜ் சாரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. பொருளோடு வாசலுக்கு வந்தால், ஞானராஜ் சார் பில் போடும் பெண்ணின் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். படிக்குக் கீழே அதைப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். பிறகு நிவேதாவிடம் பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் முதல் வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அலமேலு அக்காவுக்கு இந்த வரலாறெல்லாம் ஒன்றும் தெரியாது. உளுந்தை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார், அதற்கப்புறம்தான் என் சட்டையைப் பார்த்தார்.

"சொக்கா ஜோராத்தான் கீது. இப்பவாவது தெரிஞ்சிகினியா கண்ணு, நீ இன்னாத்துக்கு கீறேன்னு?"

ஆக, ஆறு கிளைகளின் சரித்திரத்தை ஒரே வரியில் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: ஞானராஜ் சார் கடையை வளர்த்தார், நான் தப்புகளை வளர்த்தேன், இரண்டுக்கும் நடுவில் யாரும் கவனிக்காமல் வளர்ந்த என் தொப்பைக்குத்தான் கடைசிவரை அந்த நீலப் பேண்ட் எட்டவில்லை.